கும்பிடு பூச்சிக்கு ஒரு வீடு



பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகள் வீட்டுக்குள் கொண்டுவராத பொருள் இல்லை. ஒருநாள் மீன்குஞ்சு, ஒருநாள் சிலந்தி, ஒருநாள் கூட்டிலிருந்து விழுந்த குருவிக்குஞ்சு. தீப்பெட்டியைத் திறந்தால் உள்ளே ஏதோ ஒன்று நெளியும். "ஐயோ, வெளியே கொண்டுபோய் போடு!" என்று தாய்மார்கள் சத்தம் போடுவதும் வழக்கம்தான். அப்படிப் பிள்ளைகள் கொண்டுவரும் உயிர்களில் ஒன்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். அதுதான் கும்பிடு பூச்சி.

செம்பருத்தி வேலியிலும், மரவள்ளி, முருங்கை, கறிவேப்பிலைச் செடிகளிலும், செம்பனைக் காட்டின் ஓரத்துப் புதர்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். முன்னங்கால்கள் இரண்டையும் மடித்து, சாமி கும்பிடுவதுபோல் அசையாமல் நிற்கும். மலாய்க்காரர்களும் இதே காரணத்தால்தான் இதை 'பெலாலாங் செம்பா' என்கிறார்கள். 'மெந்தாடாக்' என்றும் சொல்வதுண்டு. 'பெலாலாங்' என்றால் வெட்டுக்கிளி. ஆனால் உண்மையில் இது வெட்டுக்கிளியின் சொந்தம் அல்ல. பூச்சியியல் அறிஞர்களைக் கேட்டால், இதன் நெருங்கிய உறவினர் கரப்பான் பூச்சியும் கறையானும் என்பார்கள். வெட்டுக்கிளி இலையைத் தின்னும். கும்பிடு பூச்சி இலையைத் தொடாது. உயிருள்ள பூச்சிகளைப் பிடித்துத் தின்பதே அதன் தொழில். கும்பிடும் கைகளின் உட்புறத்தில் ரம்பம்போல் முட்கள் வரிசையாக இருக்கும். இரை அருகில் வந்ததும், நாம் கண்ணை இமைக்கும் நேரத்திற்குள் அந்தக் கைகள் நீண்டு, பிடித்து, மடங்கிவிடும்.

பிள்ளைகள் முதலில் இதன் முகத்தைப் பார்க்கட்டும். தலை முக்கோணமாக இருக்கும். பூச்சிகளில் பெரும்பாலானவை தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இது மனிதரைப்போல் தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கும். பெரிய கண்கள் இரண்டு, அவற்றுக்கு நடுவே பொட்டு வைத்ததுபோல் சிறு கண்கள் மூன்று, ஆக மொத்தம் ஐந்து. பெரிய கண்ணில் ஒரு கரும்புள்ளி நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நம்மையே பார்ப்பதுபோல் தோன்றும். அது கருவிழி அல்ல. கண்ணின் அமைப்பினால் ஏற்படும் தோற்றம். பகலில் பச்சையாக இருக்கும் கண்கள் இரவில் கறுத்துப் போகும். "பூச்சிக்குக் கண் போய்விட்டது" என்று பிள்ளைகள் அழ வேண்டாம். இருட்டில் நன்றாகப் பார்ப்பதற்காக ஏற்படும் மாற்றம் அது. காலையில் பழைய நிறம் வந்துவிடும்.

காது விஷயம் இன்னும் வேடிக்கையானது. பல வகைக் கும்பிடு பூச்சிகளுக்குக் காது ஒன்றே ஒன்றுதான். அதுவும் தலையில் இல்லை, மார்பின் அடிப்புறத்தில், கால்களுக்கு நடுவே இருக்கிறது. யேகர், ஹோய் என்னும் இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1986-ஆம் ஆண்டில் இதை உலகுக்குத் தெரிவித்தார்கள். நம் காதுக்கு எட்டாத மிக நுண்ணிய ஒலியை அது கேட்கும். இரவில் பறந்து வேட்டையாடும் வௌவால் எழுப்பும் ஒலி அது. அதைக் கேட்டதும் பறந்துகொண்டிருக்கும் பூச்சி சட்டென்று திசை மாறிக் கீழே பாய்ந்து தப்பிக்கும்.

இதைத் தொட்டால் விஷம் ஏறும் என்று சிலர் பயப்படுவதுண்டு. கும்பிடு பூச்சிக்கு விஷமே கிடையாது. பெரிய பூச்சியை இறுக்கிப் பிடித்தால் முட்கள் விரலில் குத்தும், சிறிது வலிக்கும், அவ்வளவுதான். ஆகவே இறுக்கிப் பிடிக்கவே கூடாது. வயிறு மிக மென்மையானது. அழுத்தினால் பூச்சி செத்துவிடும். ஒரு குச்சியை அதன் முன்னே நீட்டி, பின்னாலிருந்து மெல்லத் தூண்டினால் தானாகவே குச்சியில் ஏறிக்கொள்ளும். குச்சியோடு கொண்டுபோய் கூட்டில் விட்டுவிடலாம்.

பிடித்து வளர்ப்பதற்கு ஏற்றது வேலியில் சாதாரணமாகக் காணும் பச்சை அல்லது பழுப்பு நிற வகைதான். நம் நாட்டுக் காடுகளில் வேறு அதிசய வகைகளும் உண்டு. காய்ந்த சருகுபோலவே இருக்கும் ஒரு வகை; ஆர்க்கிட் பூவைப்போல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும் இன்னொரு வகை. 1899-இல் மலாய்த் தீபகற்பத்திற்கு வந்த ஸ்கீட் ஆய்வுக் குழுவில் இருந்த நெல்சன் அன்னண்டேல் என்பவர், இந்தப் பூப் பூச்சி செண்டுடுக் செடியின் பூக்களோடு பூவாக அமர்ந்திருப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். பிற்காலத்தில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்து, உண்மையான பூவைக் காட்டிலும் இந்தப் பூச்சியிடம் அதிகமான ஈக்களும் தேனீக்களும் ஏமாந்து வருகின்றன என்று 2014-இல் தெரிவித்தார்கள். இத்தகைய அரிய வகையைக் கண்டால் இருந்த இடத்திலேயே பார்த்து மகிழ்ந்துவிட்டு வந்துவிடுங்கள். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சில பூச்சி இனங்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம். பூச்சிக்கு வீடு அகலமாக இருக்க வேண்டியதில்லை, உயரமாக இருக்க வேண்டும். பூச்சியின் நீளத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு உயரம் தேவை. விரல் நீளப் பூச்சிக்கு மூன்று விரல் நீள உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் போத்தல், பிஸ்கட் வந்த பெரிய பிளாஸ்டிக் போத்தல் போதும். மூடியை எடுத்துவிட்டு, பழைய கொசுவலைத் துணியை வாயில் கட்டி ரப்பர் வளையம் போட்டுவிடுங்கள். காற்றும் வரும், பூச்சி தலைகீழாகத் தொங்குவதற்குப் பிடிமானமும் கிடைக்கும். உள்ளே சாய்வாக ஒரு காய்ந்த குச்சி. அடியில் ஒரு துண்டுத் தாள். தாளைத் தினமும் மாற்றினால் எச்சமும் மிச்சமும் நாறாது. வெயில் நேராக விழும் சன்னலில் கண்ணாடிப் போத்தலை வைத்தால் பூச்சி வெந்துவிடும், நிழலில் வையுங்கள். ஒரு போத்தலில் ஒரு பூச்சிதான். "துணைக்கு இருக்கட்டும்" என்று இரண்டை விட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும். மற்றொன்று எங்கே போயிற்று என்று கேட்கத் தேவையில்லை.

நேயர்களே, போத்தல் என்று சொன்னதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூச்சியை விடப் பெரிய விஷயம் இது. என் தாயார் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பிடித்து வைத்திருந்த கும்பிடு பூச்சிக்கு என் அக்காள் எங்கிருந்தோ ஒரு நல்ல போத்தலைக் கொண்டுவந்தாள். வெள்ளையாக, அகலமாக, கைப்பிடியோடு இருந்தது. குழாயடியில் வைத்து வெறுங்கையால் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கைநீட்டி அடித்தே அறியாத அம்மா, பார்த்தவுடன் ஓடிவந்து அந்தப் போத்தலை அக்காளின் கையிலிருந்து தட்டிவிட்டார். அது களைக்கொல்லி வந்த போத்தல். அக்காளின் கைகளைச் சவுக்காரம் போட்டு முழங்கை வரை திரும்பத் திரும்பக் கழுவினார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, "பூச்சிக்கு வீடு தேடப் போய் என் பிள்ளையைத் தொலைக்கப் பார்த்தேனே" என்று அழுதார். போத்தலை வீட்டுப் பக்கம் கொண்டுவந்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்க ஆகும் என்று அவரேதான் கொண்டுவந்திருந்தார் என்பது எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைப் பறிக்கக்கூடியது. முறிவு மருந்து இல்லாதது. தடை வந்தாலும், பழைய கொட்டகையின் மூலையில் பழைய போத்தல் கிடக்கலாம். இன்று பயன்படும் மருந்துகளும் குடிக்கத் தகுந்தவை அல்ல. மருந்துப் போத்தலை எத்தனை முறை கழுவினாலும் அது வீட்டுப் பாத்திரம் ஆகாது. தோட்டத்தில் மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, உரிய இடத்தில் ஒப்படைக்கச் சொல்வது, வேறு எதற்கும் அது பயன்படக்கூடாது என்பதற்காகத்தான். தண்ணீருக்கும் வேண்டாம், எண்ணெய்க்கும் வேண்டாம், பூச்சிக்கும் வேண்டாம். பிள்ளை ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தால், "எங்கே எடுத்தாய்?" என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, சாப்பாடு. கும்பிடு பூச்சிக்குச் சோறு, ரொட்டி, இலை எதுவும் ஆகாது. அசையும் இரைதான் அதற்குக் கண்ணில் படும். ஈ, அந்துப்பூச்சி, சிறு வெட்டுக்கிளி, சிறிய சிள்வண்டு, குட்டிக் கரப்பான் ஆகியவை நல்ல உணவு. இரை, பூச்சியின் உடல் நீளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. பொரித்துச் சில நாட்களே ஆன குஞ்சுகளுக்குப் பழ ஈ போதும். வாழைப்பழத் தோலை ஒரு கிண்ணத்தில் வைத்தால் இரண்டே நாளில் பழ ஈக்கள் மொய்க்கும். எறும்பைப் போடாதீர்கள், கும்பலாகச் சேர்ந்து அதுவே பூச்சியைக் கடித்துக் கொன்றுவிடும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை கொடுப்பது? வயிற்றைப் பாருங்கள், அது சொல்லிவிடும். வயிறு தட்டையாக ஒட்டியிருந்தால் பசி. உருண்டு திரண்டிருந்தால் போதும் என்று பொருள். குஞ்சுகளுக்கு நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். வளர்ந்த பூச்சிக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை போதும். தின்னாத இரையை அன்று மாலையே வெளியே எடுத்துவிடுங்கள்.

இரை எங்கே பிடித்தது என்பதும் முக்கியம். மருந்தடித்த நிரையிலும், கொசு ஒழிப்புப் புகை அடித்த இடத்திலும் பிடித்த பூச்சி வேண்டாம். மருந்து பட்டுத் தள்ளாடும் கரப்பானைப் பிடிப்பது எளிது. ஆனால் அதைத் தின்ற கும்பிடு பூச்சியும் அதன் பின்னாலேயே போய்விடும். கொசுவர்த்திச் சுருள் ஏற்றும் அறையிலும், கொசு மருந்து டப்பா அடிக்கும் அறையிலும் கூட்டை வைக்காதீர்கள்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்க வேண்டாம். இலைமேல் நிற்கும் பனித்துளியைக் குடித்துப் பழகியது அது. காலையில் ஒரு முறை விரலை நனைத்துப் போத்தலின் பக்கத்தில் சில துளிகள் தெளித்தால் போதும். வாயை வைத்து உறிஞ்சிக் குடிப்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். அடியில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது, பூச்சி சட்டை கழற்றும் நேரம். பாம்பு சட்டை உரிப்பதுபோல் கும்பிடு பூச்சியும் வளர வளரத் தோலை உரிக்கும். குஞ்சாகப் பொரித்ததிலிருந்து சிறகு முளைத்துப் பெரிதாகும் வரை, இனத்தைப் பொறுத்து ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது முறை உரிக்கும். அதற்கு முன் சில நாட்கள் சாப்பிடாது. இரை பக்கத்தில் வந்தாலும் விலகிப் போகும். "பூச்சிக்குக் காய்ச்சல்" என்று நினைத்து இரையை மூக்கருகே நீட்டக்கூடாது. பிறகு மேலே ஏறி, கொசுவலையைப் பின்னங்கால்களால் பிடித்துத் தலைகீழாகத் தொங்கும். முதுகில் தோல் வெடிக்கும். உள்ளிருந்து புதிய பூச்சி, தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழே வழுகி வரும். அதற்குத்தான் உயரம் வேண்டும் என்று சொன்னேன். கீழே இடமில்லாமல் தரையில் தட்டினால் கால் வளைந்து, அப்படியே இறுகிவிடும்.

அம்மா தட்டிவிட்ட போத்தலுக்குப் பதிலாக நான் ஒரு மைலோ டின்னில்தான் அந்தப் பூச்சியை வைத்தேன். இரண்டு நாளாக அது சாப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்து பார்த்தபோது பாதித் தோலோடு தொங்கிக்கொண்டிருந்தது. சிக்கிக்கொண்டது என்று நினைத்து, உதவி செய்வதாக எண்ணி, விரலால் தோலைப் பிடித்து இழுத்தேன். மாலைக்குள் அது இறந்துவிட்டது. நான் காத்திருந்தால் அரைமணி நேரத்தில் தானாகவே வெளியே வந்திருக்கும். ஆகவே பிள்ளைகளே, தொங்கும் பூச்சியைத் தொடாதீர்கள், போத்தலை ஆட்டாதீர்கள். உள்ளே வேறு இரை இருந்தால் மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள்; அப்போது மென்மையாக இருக்கும் பூச்சியைச் சிள்வண்டு கூடக் கடித்துவிடும். உரித்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் உடல் இறுகட்டும். அதன் பிறகு உணவு கொடுங்கள். குஞ்சுப் பருவத்தில் ஒரு கால் போயிருந்தால் கவலை வேண்டாம், அடுத்தடுத்த உரிப்புகளில் சிறிது சிறிதாக மீண்டும் முளைக்கும். சிறகு முளைத்து முழு வளர்ச்சி அடைந்தபின் உரிப்பும் இல்லை, புதுக் காலும் இல்லை.

காட்டில் பிடித்த பூச்சியில் இன்னொன்றும் நேரலாம். நன்றாக இருந்த பூச்சியின் வயிற்றிலிருந்து ஒருநாள் கறுத்த நூல்போல் நீண்ட புழு வெளிவரும். அது பூச்சிக்குள் வாழும் ஒட்டுண்ணி. மனிதருக்கு அதனால் தீங்கு இல்லை. நீங்கள் கவனிக்கத் தவறியதால் வந்ததும் அல்ல. பிடிக்கும் முன்பே உள்ளே இருந்தது.

ஆணா பெண்ணா என்று அறிய வயிற்றின் அடிப்புறத்தைப் பாருங்கள். பெண்ணுக்கு ஆறு வளையங்கள் தெரியும், ஆணுக்கு எட்டு. ஆண் ஒல்லியாக, மீசை நீண்டு இருக்கும். வளர்ந்த பெண், ஆணோடு சேராவிட்டாலும் நுரைபோல் ஒன்றைக் குச்சியில் பூசி முட்டையிடும். அந்த நுரை காய்ந்து பழுப்பு நிறக் கட்டியாகும். இனம் சேர்ந்த பெண் இட்டதானால், சில வாரங்களில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நூலில் தொங்கிக்கொண்டு வெளிவரும். அத்தனைக்கும் யார் ஈ பிடிப்பது? ஆகவே முட்டைக்கூடு உள்ள குச்சியை எறும்பு ஏறாத வேலிச் செடியில் கட்டிவிடுங்கள். சில கூட்டிலிருந்து குஞ்சுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு குளவிகள் வருவதுண்டு. முட்டைகளைத் தின்று வளர்ந்தவை அவை. இயற்கையில் அதுவும் ஒரு கணக்கு.

இந்தப் பூச்சியால் நமக்கு என்ன பயன் என்று பெரியவர்கள் கேட்கலாம். செம்பனை ஓலையைத் தின்று சல்லடையாக்கும் கூட்டுப்புழுவை நீங்கள் அறிவீர்கள். அதன் எதிரிகளான பூச்சிகள் பெருக வேண்டும் என்றுதான் பல தோட்டங்களில் சாலையோரம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கும் டர்னெரா செடியை நடுகிறார்கள். செம்பனைப் பூவுக்கு முன்பு தொழிலாளர்களே கையால் மகரந்தம் தூவினார்கள். 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த சிறு வண்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. தோட்டத்தில் சம்பளம் வாங்காத தொழிலாளிகள் இப்படிப் பலர் உண்டு. கும்பிடு பூச்சியும் புழு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சிகளைத் தின்கிறது. ஆனால் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும்கூடத் தின்னும். நல்லது கெட்டது பார்த்து அது பிடிப்பதில்லை, பசிக்குப் பிடிக்கிறது. பூச்சி என்றாலே மருந்து என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் குறைந்தால் அதுவே பெரிய பயன்.

கடைசியாக ஒன்று. வளர்ந்த கும்பிடு பூச்சி சில மாதங்களே வாழும். முதுமையில் சிறகு கிழியும், கால் நடுங்கும், இரையைப் பிடிக்கப் பாய்ந்து தவறவிடும். ஒரு காலையில் கீழே கிடக்கும். இது வரும் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இன்னும் நல்லது, சில வாரங்கள் வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்த அதே வேலியில் ஒரு மாலை நேரத்தில் விட்டுவிடுவது. அதற்குள் பிள்ளை ஒரு பழைய நோட்டில் எழுதட்டும். என்று சாப்பிட்டது, என்று சட்டை கழற்றியது, எத்தனை அங்குலம் வளர்ந்தது என்று நாளும் தேதியும் போட்டு எழுதட்டும். லயத்து வீட்டில் இருந்தாலும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டாலும், அறிவியல் கற்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு போத்தல், ஒரு கொசுவலைத் துண்டு, ஒரு குச்சி போதும்.

தொடாமல் காத்திருக்கவும் தெரிய வேண்டும். எனக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஒரு பூச்சி இறக்க வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளைகள் கேட்டே கற்றுக்கொள்ளட்டும்.